முனியய்யா மரத்தில் வெடிச் சத்தம்

டமார்! டமார்! டமார்!

மானகிரியைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தச் சிற்றூருக்குள் யாரும் கேட்டறியாத சத்தம். முனியய்யா கோயில் ஆலமரத்திலிருந்து வவ்வால்கள் கூட்டமாக எழும்பி, பட்டப்பகலில் திக்குத் தெரியாமல் சுற்றின.

சரவெடியைக் கொளுத்திய ஊர்த்தலைவர் வீரபாண்டியன், கோயில் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றார். காரைக்குடியில் வாங்கியதைக் கோணிப்பையில் மறைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்.

அந்த வவ்வால்கள் முனியய்யாவின் பிள்ளைகள் என்பது ஊர் நம்பிக்கை. தீபாவளியானாலும் கல்யாணமானாலும் சாவானாலும் அங்கே வெடி கிடையாது.

"நம்ம கல்யாணத்துக்கே வெறும் மேளத்தோட நிறுத்துனீக. இன்னைக்கு என்ன வந்துச்சு?" மனைவி பாண்டீஸ்வரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு ஒம்மக சத்தியப்பிரியா பிரசவத்துக்கு வர்றாள்ல? வீட்டுக்கு எதுத்தாப்புல இதுக தொங்கணுமாக்கும்? புதுக் கொரோனா எந்த மிருகத்துலருந்து வந்துச்சுன்னு தேடித்தானே அந்த ஆராய்ச்சிக்காரம்மா இங்க வந்துச்சு?"

"தேடத்தானே வந்தாக. இதுகதான்னு சொன்னாகளா?"

"சொல்லணுமா? மரத்துக்கிட்டப் போறதுக்கு முன்னாடி தலையிலருந்து கால் வரைக்கும் மூடிக்கிச்சே, நீயும் பாத்தேல்ல? படிச்ச புள்ளையே அந்தப் பயம் பயப்படுது. டிரைவரு வண்டிய விட்டே எறங்கல!"

"அவரு தும்மிக்கிட்டே கெடந்தாரு, பாவம். நாந்தான் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

"பெரிய டாக்டரு! அங்குட்டுத் தள்ளி நில்லு."

இரண்டாவது சரத்தைப் பற்றவைக்கப் போனார். அதற்குள் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. குதித்து இறங்கினாள் ஆராய்ச்சியாளர் மரிய அனிதா.

"அய்யா, நிறுத்துங்க! குட்டி போட்டிருக்கிற நேரம்யா இது!"

மரத்தடியில் கண் சரியாகத் திறக்காத குட்டி ஒன்று விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. ஓடிய வேகத்தில் கையை நீட்டிய அனிதா, சட்டென்று பின்வாங்கினாள். மாஸ்க்கும் கையுறையும் மாட்டிய பிறகே குனிந்து அதைத் துணியில் எடுத்தாள்.

"பாத்தியாடி?" என்றார் வீரபாண்டியன், மனைவியிடம் மெல்ல.

குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு அனிதா திரும்பி வந்தாள். சத்தம் கேட்டு ஊரே கூடியிருந்தது.

"பரிசோதனை முடிவு வந்துருச்சுங்கய்யா. அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த வவ்வால்கள்ட்ட ஒரு கொரோனா கிருமி இருக்கு."

கூட்டம் சலசலத்தது. "நான் சொல்லல?" என்று மீசையைத் தடவினார் வீரபாண்டியன்.

"முழுசாக் கேளுங்க. நமக்கு வந்த கிருமி வேற, இது வேற. ரெண்டும் பங்காளிக மாதிரி. எந்தக் காலத்துலயோ பிரிஞ்சு, தனித்தனியா மாறிப்போச்சுக. நம்ம கிருமி எந்த மிருகத்துலருந்து கெளம்புச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இந்த மரத்துலருந்து யாருக்கும் எதுவும் வரல."

வீரபாண்டியனின் கை மீசையிலிருந்து இறங்கியது. தலைக்கு மேல் ஒரு தாய் வவ்வால் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டே இருந்தது.

"மக வர்ற நேரத்துல இப்படி ஒரு பாவத்தச் செஞ்சுபுட்டீகளே" என்றாள் பாண்டீஸ்வரி. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தடுக்காமல் வேடிக்கை பார்த்தவர்கள்தானே அவர்களும்.

"நான் என்னத்தம்மா கண்டேன்?" அவர் அனிதாவின் பக்கம் திரும்பினார். "நீங்க பயந்ததப் பாத்துத்தானே நானும் பயந்தேன்? ஒண்ணுமில்லைன்னா, எதுக்கு அம்புட்டையும் மாட்டிக்கிட்டு அதுககிட்டப் போனீக?"

அனிதா பெட்டிக்குள் நடுங்கும் குட்டியைப் பார்த்தாள்.

"நம்மகிட்ட இருக்கிற நோய் அதுகளுக்குத் தொத்திறக் கூடாதுன்னுதாங்கய்யா."