பன்னிரண்டுக்கு ஒன்பது

ஹார்ட்ஸ் மலையடிவாரச் சந்தையில், காசு மாற்றும் மேசைமுன் வரிசை நகரவே இல்லை. முக்காடு போட்ட ஒருவர் காசு அடிக்கும் குத்தகை எடுத்திருந்த விக்மானோடு மல்லுக்கு நின்றார்.

"பழைய வெள்ளிக்காசு பன்னெண்டுக்குப் புதுசு ஒம்பதுதானா? பகல்கொள்ளையா இருக்கே!"

"வருஷா வருஷம் நடக்கறதுதானேங்க. பழைய காசு இன்னியோட செல்லாது."

முக்காட்டுக்காரர் புதுக்காசு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இலைபோல மெல்லிசு; ஊதினால் பறந்துவிடும். "இதுல யாருய்யா இந்தப் பன்னி மூஞ்சி?"

"நம்ம பிரபுதாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "சரி, எனக்கு மட்டும் பன்னெண்டா குடு."

"பிரபுவே வந்தாலும் ஒம்பதுதான்னு உத்தரவு இருக்குங்க."

"எந்த மடையன்யா அப்படி எழுதினான்?"

"எழுதினது நாந்தாங்க. விருந்துல வாத்துக்கறி சாப்பிட்டுக்கிட்டே, என்ன ஏதுன்னு கேக்காம பிரபு முத்திரை போட்டாரு. இந்தா பாருங்க, உத்தரவுல கொழுப்புக் கறைகூட இருக்கு."

பின்னால் நின்ற ரொட்டிக்காரி கெர்பெர்க்காவுக்குப் பொறுமை போயிற்று. "யோவ், குடுக்கறத வாங்கிட்டு நகருய்யா! மனசுல பெரிய பிரபுன்னு நெனப்பு!"

"ஆமாடி, பிரபுதான்!" என்று அவர் முக்காட்டை உதறினார். கையிலிருந்த காசும் பறந்தது.

வரிசை மொத்தமும் மண்டியிட்டது. விக்மானும் மண்டியிட்டார், ஆனால் ஒன்பது காசைத்தான் நீட்டினார்.

கெர்பெர்க்கா தன் முன்னால் விழுந்த காசைப் பொறுக்கி, அதையும் பிரபுவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க பிரபு. அச்சு அசலா அப்படியேதான் இருக்கு."