சொக்கத் தங்கம்

மாமியார் சேர்ந்திருந்த எம்பிராய்டரி வாட்ஸ்அப் குழுவின் மேல் மருமகளுக்குச் சந்தேகம். பூ தைக்கிறவர்களுக்கு அப்படியென்ன ஓயாத சிரிப்பு? அங்கே தன் தலைதான் உருளுகிறது என்று முடிவுகட்டினாள்.

பொய்ப் பெயரில், புது நம்பரில் அவளும் சேர்ந்தாள். கொஞ்சம் பழகியதும், படுக்கையறையில் இருந்தபடியே மாமியாருக்குத் தூண்டில் போட்டாள்.

"எனக்கு வாய்ச்ச மருமக ராட்சசிக்கா. உங்களுக்கு எப்படி?"

உடனே பதில் வந்தது. "என் மருமக சொக்கத் தங்கம். பெத்த பொண்ணுகூட இப்படிப் பாத்துக்க மாட்டா."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனசையா சந்தேகப்பட்டோம்? கூடத்துக்கு ஓடினாள்.

"டீ போடட்டுமா அத்தை?"

"போடு" என்ற மாமியார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இனிமே குரூப்புல நீ தைச்ச பூவைப் படம் போடறப்ப, பின்னாடி நம்ம வீட்டு சோபா தெரியாம எடும்மா."