திறந்த கூரை

திரையில் அந்த நட்சத்திரத்தின் ஒளி ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே ஓடியது.

ஒரு கோள் அதன் முன்னால் கடந்து போகிறது என்று அர்த்தம்.

மரக்காணத்தில் பகல் ஒன்றரை மணி. தொலைநோக்கி இருக்கும் சிலி நாட்டு மலையில் விடியற்காலை நான்கு.

கீதாஞ்சலி இந்த வேலையில் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. உப்பளத்தை ஒட்டிய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடி, அந்த மலையின் காற்றையும் ஈரத்தையும் மேகத்தையும் அவள் கண்காணிக்க வேண்டும். எண்கள் சிவந்தால் தொலைநோக்கியின் கூரையை மூட வேண்டும்.

ஒரே ஒரு விதியை மட்டும் மூன்று முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூரை திறந்திருக்கும்போது, மாற்று ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் வேலை போய்விடும். மலைக்கு வருகிறவர்களுக்கும் இந்த விதி தெரியும்.

இன்று எண்கள் எல்லாம் பச்சை.

மலை மேலே மரியேலா இருந்தாள். எட்டு மாதம் காத்திருந்து இந்த ஒரு இரவை வாங்கிய ஆராய்ச்சிக்காரி. கோள் நுழைந்ததைப் பிடித்துவிட்டாள். வெளியேறுவதைப் பிடிக்க இன்னும் இருபது நிமிடம் போதும். அது தவறினால் அடுத்த வருஷம்தான்.

தாய்மொழி வேறு வேறான இரண்டு பேரும் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் ஹெட்செட் வழியே பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று மரியேலா கேட்டாள். காரப்பொடி மீன் குழம்பை எப்படி விளக்குவது என்று கீதாஞ்சலி யோசித்துக்கொண்டிருந்தபோது அறை இருண்டது.

ஜன்னலில் புழுதி வந்து அறைந்தது. அடுத்த கணம் தகரக் கூரை மேல் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி முதல் துளிகள்.

"கீதா! அடியே, மழைடீ! மூடு, மூடு!"

அம்மா பொன்னியின் குரல். உப்பளத்து வரப்பிலிருந்து வந்தது.

நாளைக்கு லாரி வருகிறது என்று இன்று காலைதான் உப்புக் குவியலின் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். அப்பா சகாதேவன் திண்டிவனம் போயிருந்தார். இந்தக் காற்றில் ஒற்றை ஆளால் தார்ப்பாயை இழுக்க முடியாது.

ஆறு வயதிலிருந்து கேட்கிற குரல் அது. அந்தக் குரல் வந்தால் அவள் யோசிப்பதில்லை. கொடியில் துணி இருந்தால் துணி, முற்றத்தில் வடகம் இருந்தால் வடகம், கைக்கு எது கிட்டேயோ அதை முதலில் காப்பாற்றிவிட்டு ஓடுவாள்.

இன்று கைக்குக் கிட்டே இருந்தது சுட்டெலி. திரையில் 'மூடு' என்ற பொத்தான் இருந்தது.

அழுத்தினாள். ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் எறிந்தாள். நாற்காலி விழுந்தது. அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

தார்ப்பாய் படகுப் பாய் போல உப்பியது. ஒரு முனையை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள்.

"உங்கப்பா இருந்தா இந்நேரம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பேசிக்கினு நின்னிருப்பாரு. நீயும் நிக்காதடீ, இழு!"

பாதி இழுத்த பிறகுதான் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று கீதாஞ்சலிக்கு உறைத்தது.

கை நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். குவியலின் ஓரம் கரைந்து வெள்ளையாக வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் இழுத்தாள். கடைசிக் கல்லை ஏற்றி வைக்கும்வரை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

சொட்டச் சொட்ட வந்து திரையைப் பார்த்தபோது கால் மணி நேரம் போயிருந்தது. மலையில் கூரை மூடிக் கிடந்தது. அதன் மேல் ஒரு துளி மேகமில்லாத வானம். எண்கள் எல்லாம் அப்படியே பச்சை.

உடனே திறந்தாள். கூரை முழுக்கத் திறக்க ஆறு நிமிடம் ஆனது. மறுபடி கோடு ஓடத் தொடங்கியபோது அது பழைய உயரத்துக்கு வந்திருந்தது. கோள் போய்விட்டது.

"சாரி" என்றாள். மறுபடி "சாரி" என்றாள்.

மரியேலா கோபப்படவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சென்னை அலுவலகத்திலிருந்து மேலாளர் அசோகன் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னாள்.

"ஏம்மா, மரக்காணத்துல மழை பேஞ்சா சிலியில குடை பிடிப்பியா நீ?"

"கை தானா போயிடுச்சுங்க சார்."

"கையோட சேர்ந்து வேலையும் போயிடும்மா. கூரை திறந்திருந்தப்ப சீட்ல இருந்தியா இல்லையா, அதுதான் கேப்பாங்க. லாகைத் திறந்து, எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு அப்படியே காப்பி பண்ணி அனுப்பு."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள்.

1:34:07. மூடக் கோரியவர்: கீதாஞ்சலி.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

இத்தனை நாளில் எண்கள் பச்சையாக இருக்கும்போது அவள் கூரையை மூடியதே இல்லை. சிவப்பில் ஒரே அழுத்தில் மூடிக்கொள்ளும். பச்சையில், கோரிக்கை முதலில் மலைக்குப் போகும். அங்கே இருப்பவர் சரி என்று சொல்லாமல் கூரை அசையாது.

வேண்டாம் என்று மரியேலா ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். திறந்த கூரையின் கீழே அவளுடைய கோள் அவளுக்குக் கிடைத்திருக்கும். இங்கே காலி நாற்காலி பதிவாகியிருக்கும்.

சரி சொல்ல மரியேலா இருபத்து நான்கு விநாடி எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் கிடந்த ஹெட்செட் வழியே அவளுக்குக் கேட்டிருக்கக்கூடியது தகரத்தின் மேல் துளிகள் விழுந்த சத்தம் மட்டும்தான்.

அந்த மலையில் மழை பெய்து ஆறு வருஷம் ஆகிறது.

1:34:31. மூட ஒப்புதல்: மரியேலா. காரணம்: மழை.