காப்பகத்துக் காய்ச்சல்

“காப்பகத்துப் பிள்ளைங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிட்ட காய்ச்சல்தாங்க காரணம். வேற ஒண்ணுமே இல்ல!”

ஸ்கேன் அறை வாசலில் அப்பா சத்தமாகவே சொன்னார்.

“காய்ச்சல் உங்க மகளுக்கு. வயித்துல இருக்கிற குழந்தைக்கு எப்படி நீர் கோத்துக்கும்?” பக்கத்து நாற்காலிப் பெண்மணிக்கு விளங்கவில்லை.

அப்பா தண்ணீர் மோட்டார் மெக்கானிக். தனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினார்.

“அந்தக் காய்ச்சல் கிருமி தொத்தி குழந்தைக்கு ரத்தம் குறைஞ்சுபோச்சு. ஈடுகட்ட இதயம் ஓயாம ஓடித் தளர்ந்துடுச்சு. பம்ப் தளர்ந்தா தண்ணி அங்கங்க தேங்கிடும்ல? அப்படித்தான் வயித்துலயும் நெஞ்சுலயும் நீர் சேந்துடுச்சு. சில குழந்தைங்களுக்கு இதயமே கோளாறா இருக்குமாம். நம்ம வீட்டுல காய்ச்சல் பண்ணின வேலை.”

“ஆமாங்க, காய்ச்சல்தான்.” குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் மகளும் அவசரமாகத் தலையாட்டினாள்.

நர்ஸ் கூப்பிட, மகள் மட்டும் உள்ளே போனாள்.

போன வாரம்தான் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “பாரும்மா, நீர் வடிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் சில தடவை ஏத்த வேண்டியிருக்கும். ஆனா பிழைச்சுக்கும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“டாக்டர், ஒரு உதவி. உண்மையான காரணம் அப்பாவுக்குத் தெரியவே கூடாது. காய்ச்சல்னு நான்தான் கதை கட்டி வச்சிருக்கேன்.”

“ஏம்மா?”

“சின்ன வயசுல என்மேல லாரி மோதிடுச்சு. என்னோட நெகட்டிவ் ரத்தம் எங்கயும் கிடைக்கல. உயிர் போயிடும்னு அப்பாவோட பாசிட்டிவ் ரத்தத்தை ஏத்தினாங்க. அதை எதிர்க்க அன்னைக்கு என் உடம்பு பழகினதுதானே இப்போ குழந்தையோட பாசிட்டிவ் ரத்தத்தை அழிக்குது? என்னைக் காப்பாத்தினதே பேரப்பிள்ளைக்கு எமனாச்சுன்னு தெரிஞ்சா அவர் நொறுங்கிடுவார்.”

வெளியே அப்பா இன்னும் யாரிடமோ காய்ச்சலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மெல்லச் சொன்னார்: “அந்த ரத்தத்தைப் பத்தி முதல் நாளே என்கிட்ட வந்து சொன்னது உங்கப்பாதாம்மா. ‘எம்பொண்ணு எனக்காகக் காய்ச்சல்னு சொல்லிட்டிருக்கா. நான் நம்பிட்டேன்னே அவ நினைச்சுக்கட்டும்’னார்.”