ஆட்சேபணை இல்லை

"சார், இந்த ஏஜென்ட் சட்டைப்பையில இருக்கிற கைக்குட்டை அவங்க கட்சி கலர். எடுக்கச் சொல்லுங்க."

வாக்குச்சாவடியில் காலை ஏழு மணிக்கு எழுந்த முதல் ஆட்சேபணை அது. பெரியவர் மறுபேச்சில்லாமல் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். பிறகு அலுவலரிடம், "அந்தம்மா பேனாகூட அவங்க கட்சி கலர்தான் சார்" என்றார்.

அலுவலர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்பாவும் மகளும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. சாப்பாட்டு மேஜையில் கட்சியைப் பற்றி ஆரம்பித்த வாய்த்தகராறு வாசல்வரை போய், மகள் பெட்டியோடு தனி வீடு பார்த்துப் போனதில் முடிந்தது. ஏழு மாதம் முன்பு அம்மா இறந்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள்.

இந்தத் தடவை மகள் ஏஜென்டாக உட்காரப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, கட்சி ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி அதே சாவடியை வாங்கினார் பெரியவர். பதினோரு மணி நேரம் ஒரே பெஞ்ச். ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா? அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

பெஞ்சின் மூன்றாவது ஆள் சுயேச்சையின் ஏஜென்ட், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். மனைவியின் இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதியும், அவளுடைய அட்டைகளை இரண்டிரண்டு பிரதியும் பெரியவர் எடுத்தது அவர் கடையில்தான். ஆள் வந்ததிலிருந்து சுவரில் சாய்ந்து குறட்டை.

தூங்கினாலும் தப்பில்லை. போன தேர்தலில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. தெருவின் இடது பக்க அடுக்குமாடி முழுக்கப் பெரியவர் கட்சி, வலது பக்கம் முழுக்க மகள் கட்சி. இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒரே கட்சி, வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் கட்சி. மூன்று மணிக்கு நூற்றுக்கு முப்பத்தொன்றுகூடத் தேறவில்லை.

யாராவது தப்பித்தவறி வந்தால் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரை அடிக்க வேண்டும். ஆள் மாறியிருந்தால் ஆட்சேபிக்கலாம். அப்பாவும் மகளும் வந்தவர்களில் ஒன்பது பேரை ஆட்சேபித்து, ஒன்பதிலும் மூக்குடைபட்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு முகக்கவசம் போட்ட ஒரு பெண்மணி இருமிக்கொண்டே வந்தாள்.

"வரிசை எண் முந்நூற்றுப் பதினெட்டு" என்று படித்த அலுவலர் பெயரையும் படித்தார்.

பெரியவர் மனைவியின் பெயர்.

பேனா அவர் விரலிலேயே நின்றது. பட்டியலிலிருந்து நீக்கும் விண்ணப்பம் வீட்டு அலமாரியில் நிரப்பாமல் கிடக்கிறது. 'இறந்துவிட்டார்' என்று தன் கையால் எழுத அவருக்கு மனசு வரவில்லை. பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதைத் தன் கட்சிக்காரர்களிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அப்புறம் தெரிந்திருக்கக்கூடியவள் ஒருத்திதான்.

மகளைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அட்டை நகலா கொண்டு வந்திருக்கீங்க? அசல் எங்கே?"

"தேடினேன், கிடைக்கல சார்."

அலுவலர் பெஞ்சைப் பார்த்தார். "நகல்ல படம் சரியாத் தெரியல. ஏஜென்ட்டுங்க என்ன சொல்றீங்க? ஆட்சேபணை இருக்கா?"

இருக்கிறது என்றால் போலீஸைக் கூப்பிடுவார்கள். யார் அனுப்பியது என்று அந்தப் பெண்ணைக் கேட்பார்கள். மகள் பெயர் வெளியே வரும். பெற்றவள் பெயரையே விற்றவள் என்று தெருவே காறித் துப்பும்.

"இல்ல" என்றார் பெரியவர். தன் குரல் வேறு யாருடையதோ போல அவருக்குக் கேட்டது.

"இல்ல" என்றாள் மகள்.

"இல்லவே இல்ல சார்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் எப்போது விழித்தாரோ தெரியவில்லை.

விரலில் மை வைத்தார்கள். பொத்தான் சத்தம் கேட்டது. மனைவி கடைசிவரை யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று அவரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. பெரியவர் முந்நூற்றுப் பதினெட்டின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். ஏழு மாதமாக இழுக்க முடியாத கோடு. அழுகைகூட வரவில்லை.

ஆறு மணிக்குப் பெட்டிக்கு சீல் வைத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீட்டியடித்தபடி படியிறங்கினார். தாழ்வாரத்தில் அப்பாவும் மகளும் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வார்த்தைக்காக நாள் முழுக்கக் காத்திருந்தவர், கடைசியில் தானே வாயைத் திறந்தார்.

"உங்க கட்சிக்கு அவ பேருதான் கெடச்சுதாம்மா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ஆளுன்னு நெனச்சுதாம்ப்பா நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."