நீலக் கொம்பு

மாட்டுப் பொங்கலுக்குத் தன் பசு மயிலையின் கொம்புகளுக்கு வேலாத்தாள் நீலம் பூசினாள். இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சி, வருஷக்கணக்காய்ப் பரண்மேல் கிடந்த பெயிண்ட். மழைக்கும் போகக் கூடாது என்று இரண்டு தடவை பூசினாள். மயிலை படுத்து அசைபோடும்போதெல்லாம் கன்று அந்தக் கொம்புகளையே நக்கியது. அதன் நாக்கில் ஒட்டிய நீலத்தைப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் கன்றுக்குக் கண் தெரியவில்லை. சுவரில் நெற்றியை முட்டியபடி நின்றது. மாட்டு டாக்டர் வருவதற்குள் விழுந்து, கால் உதறி அடங்கிவிட்டது. அவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு மயிலையின் கொம்பைப் பார்த்தார்.

"பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்குமுங்க. அது விஷமுங்க, ஆனா இனிக்கும். ருசி கண்டுட்டா கன்னு விடாது."

"ஆசையா நக்குதேன்னு நாந்தானுங்க பக்கத்துலயே கட்டுனேன்," என்றாள் வேலாத்தாள்.

குழியை மூடிவிட்டு, கொம்பைச் சுரண்டக் கத்தியோடு போனாள். அவளைக் கண்டதும் மயிலை, பொங்கலன்று செய்ததைப் போலவே, தலையைத் தாழ்த்தி அவள் கைக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தது.