ஹாரன் பட்டன்

கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைப் பிடுங்கிவிட்டு கேம் கன்ட்ரோலரைச் செருகினார் சுருளியாண்டி. அதுவும் கைக்கு அடங்கவில்லை. அதையும் பிடுங்கிவிட்டு, லீவர் வைத்த பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் வேல்பாண்டி ஆட்டத்துக்கு வந்துவிடுவான்.

வேல்பாண்டி அவருடைய ஒரே மகன். கொச்சியில் வேலை. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பிரின்சியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றவனிடம், "இனிமே என் வண்டியில கால வைக்காத" என்று சொன்னவர் இவர்தான்.

அவன் வைக்கவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. ரோஷத்தில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

வீட்டில் அவன் விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டரும் இந்த மூன்று சாமான்களும்தான்.

கம்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் கர்ணன்தான் வழி சொன்னான். சாயங்காலமானால் வேல்பாண்டி ஆன்லைனில் சண்டை ஆட்டம் ஆடுகிறான், வேறு பேரில் சவால் விட்டால் வருவான் என்று. 'ஏலக்காய்' என்று ஒரு பேரை வைத்துச் சவால் விட்டார்கள். வந்தான். வந்து, எதிரே இருப்பது அப்பன் என்று தெரியாமல் அடி பின்னி எடுத்துவிட்டான்.

அன்றைக்குச் சுருளியாண்டிக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகன் எதிரே வந்து நிற்கிறானே!

பயமும் அன்றைக்கே தொற்றிக்கொண்டது. ஆள் யாரென்று தெரிந்தால் போய்விடுவான். தெரியாவிட்டாலும், இப்படி ஆடினால் சலித்துப் போய்விடுவான். தினமும் வந்து ஆடியவன் நேற்று ஒரே ஆட்டத்தோடு கிளம்பிவிட்டான். ராத்திரி முழுக்க இவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எப்படியாவது ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் விரல் தடிமனுக்குக் கீபோர்டில் இரண்டிரண்டு கட்டையாக அமுங்கியது. கன்ட்ரோலரில் எல்லாம் கட்டைவிரல் வேலை. அது வளையவே மாட்டேன் என்றது. லீவரைப் பார்த்ததும், "ஆகா, கியரு!" என்று குதித்தார். ஆனால் கன்ட்ரோலரில் கொஞ்சம் பழகியிருந்த கை, லீவருக்கு வந்ததும் திருதிருவென்று முழித்தது. பாயச் சொன்னால், திரையில் அவருக்காகச் சண்டை போடும் மல்லன் குத்தவைத்தான்.

மூன்றிலும் ஒரே ஒரு பட்டன் மட்டும் தேடாமலே கைக்கு வந்தது. அதை அமுக்கினால் மல்லன் மார்பில் தட்டிக்கொண்டு "ஹோய்!" என்று கத்துவான். அடியும் இல்லை, தடுப்பும் இல்லை. வெறும் சவடால்.

சுருளியாண்டிக்கு அது ஹாரன்.

கம்பமெட்டு மலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிற ஆள். ஹாரன் அடிக்காமல் எந்த வளைவிலும் அவர் கை திரும்பாது. மேலேயிருந்து இறங்குகிறவன் பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கி நிற்பான். ஏறுகிறவன் முதலில் போவான். மலையில் அதுதான் முறை.

ஆட்டத்திலும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கு முன்னாலும் ஒரு ஹாரன். அந்த நொடியிலேயே வேல்பாண்டி தூக்கிப் போட்டு மிதிப்பான்.

கர்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இந்தா வாரேன்னு சொல்லிட்டா யாராச்சும் அடிப்பாக?"

"அங்கன வளைவு இருந்தா?" என்றார் இவர்.

இன்றைக்கு லீவர் பெட்டியில் அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். இன்றைக்கு அதை அமுக்கினால் தன் பேர் சுருளியாண்டியே இல்லை.

சந்தனம்மாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாப்பிட வாரீகளா இல்லையா? வண்டிய விட்டு எறங்குனதுலருந்து கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி..."

"வந்துட்டான், வந்துட்டான்! பேசாம இரு."

அவள் கரண்டியோடு வந்து பின்னால் நின்றுகொண்டாள். திரையில் இருக்கும் இரண்டு மல்லன்களில் மகன் எவன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவனையே பார்ப்பாள்.

முதல் சுற்று கண்மூடித் திறப்பதற்குள் போனது. இரண்டாவது சுற்றில் லீவர் ஒரு பக்கம், மல்லன் ஒரு பக்கம். "சனியன்!" என்று பெட்டியைத் தள்ளிவிட்டு, குனிந்து கன்ட்ரோலரின் வயரைத் தேடினார். துளைக்குள் வயர் போகவில்லை.

அவ்வளவு நேரமும் அவருடைய மல்லன் சும்மா நின்றான். எதிராளியும் அடிக்கவில்லை. குனிந்திருந்தவர் அதைக் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தார். பாய வேண்டும். கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது.

"ஹோய்!"

பிளாஸ்திரி ஒட்டியது லீவர் பெட்டியில். கையில் இருப்பது கன்ட்ரோலர்.

போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை.

திறந்து பார்த்தார். வேல்பாண்டியின் மல்லன் பின்னாலேயே நடந்து போய், திரையின் கடைசி ஓரத்தில் சுவரோடு ஒட்டி நின்றான். நின்று, மார்பில் ஒரே ஒரு தட்டு தட்டினான்.

"ஹோய்!"

பள்ளிக்கூட லீவு நாட்களில் ஜீப்பின் முன் சீட்டில் ஒரு பொடியன் உட்கார்ந்திருப்பான். இவர் ஸ்டியரிங்கை மட்டும் பிடிப்பார். இறங்கும்போது பதில் ஹாரன் அடிப்பதெல்லாம் அவன்தான்.

"என்னாங்க, ஏன் நிக்கிறான்? கோவமா?" என்றாள் சந்தனம்மாள்.

"ஒதுங்கி நிக்கிறான்டி." திரையைத் தொட்டுக் காட்டினார். "மொத நாளே தெரிஞ்சிருக்கு களவாணிப் பயலுக்கு. அப்பறமும் தெனமும் வந்திருக்கான்."

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேல்பாண்டி சுவரை விட்டு நகரவில்லை.

சுருளியாண்டி கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார்.

"சோறு?" என்றாள்.

"தூக்குச்சட்டில போட்டுக்க. கொச்சிக்குப் போற வழியில, குமுளி தாண்டிச் சாப்பிட்டுக்குவோம்."